ஒளிரும் ஃபால்ஸ் சீலிங்: வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று வடிவத்திலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒளி எங்கிருந்து புறப்பட்டு, எதில் பட்டு, கண்ணுக்கு வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். எத்தனை இன்ச் இறக்குவது, விளிம்பு எவ்வளவு, திறப்புக் கதவு எங்கே என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். கீழே வரும் கணக்குகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஹாலை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: 14 அடி நீளம், 12 அடி அகலம், தரையிலிருந்து கான்கிரீட் வரை 10 அடி உயரம்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

வீடுகளில் நான்கு வகைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது கோவ்: ஓரத்தில் ஒரு தட்டு அமைத்து, அதற்குள் ஸ்ட்ரிப் லைட்டை (எல்.இ.டி. பதித்த மெல்லிய பட்டை) மறைத்து, ஒளியை மேல்தளத்தில் அடித்துத் திருப்புவது. இரண்டாவது புரொஃபைல் லைட்: போர்டில் காடி வெட்டி அலுமினியச் சட்டத்தைப் பதித்து, பால்வெள்ளை மூடியின் வழியாகக் கோடாக ஒளிர வைப்பது. மூன்றாவது, இழுத்துக் கட்டிய பி.வி.சி. ஷீட்டுக்குப் பின்னால் எல்.இ.டி. வைத்து முழுப் பரப்பையும் ஒளிர வைக்கும் ஸ்ட்ரெச் சீலிங். நான்காவது, ஃபைபர் இழைகளால் செய்யும் நட்சத்திர சீலிங்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் கோவ்தான் எங்கள் முதல் பரிந்துரை. கண் கூசாது, பழுதும் எளிது. புரொஃபைல் கோடுகள் நடைபாதைக்கும் குறைந்த உயரமுள்ள அறைக்கும் பொருந்தும். ஸ்ட்ரெச் சீலிங்கை அறை முழுக்கச் செய்யாமல், சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு பலகையாக வைத்தால் செலவும் அடங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் வேண்டும்?

வேலை முடிந்தபின் தாழ்வான பகுதி தரையிலிருந்து 9 அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டரும், ஏ.சி. அறையில் ஃபால்ஸ் சீலிங்கின் அடிவரை 2.4 மீட்டரும் கேட்கிறது. 9 அடி மட்டுமே உள்ள பழைய அடுக்ககத்தில் இரண்டடுக்கு, மூன்றடுக்கு வேலைகளைத் தொடவே வேண்டாம். அங்கே விதிவிலக்காக ஒரே ஒரு சுவர்ப்பக்கம் மட்டும் கோவ் செய்து, மற்ற இடத்தில் தளத்தை அப்படியே விட்டுவிடலாம்.

கோவ் தட்டின் அளவுகள் என்ன?

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் ஹாலில் நான்கு சுவரையும் ஒட்டி 2 அடி அகலத்துக்கு ஓரம் இறக்குகிறோம். நடுவில் 10 அடிக்கு 8 அடி திறந்திருக்கும். கான்கிரீட்டிலிருந்து ஓரத்தின் அடிவரை 9 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டும் சட்டமும் ஒன்றரை இன்ச் எடுத்துக்கொள்ளும். அதன்மேல் ஸ்ட்ரிப்பை மறைக்கும் விளிம்பு 2 இன்ச். விளிம்பின் உச்சிக்கும் மேல்தளத்துக்கும் இடையே ஐந்தரை இன்ச் திறப்பு மிஞ்சும். ஓரத்தின் அடி 9 அடி 3 இன்ச் உயரத்தில் நிற்கும்.

இந்தத் திறப்பு 4 இன்ச்சுக்குக் கீழே போனால் ஒளி வெளியே வர வழியிருக்காது. விளிம்பையொட்டி ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று எரியும், நடுப்பகுதி இருட்டாகவே கிடக்கும். நாங்கள் பார்க்கும் தவறான கோவ்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்: 3 இன்ச் திறப்பு, அதற்கு முன்னால் 4 இன்ச் விளிம்பு.

ஸ்ட்ரிப் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் விளிம்பை உயர்த்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. நிற்பவரின் கண் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவர் பக்கம் நின்று அவர் பார்த்தாலும், விளிம்பின் உச்சியைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு அதற்கு 4 இன்ச் பின்னால் போகும்போது விளிம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை இன்ச் உயரத்தில்தான் இருக்கும். ஆகவே ஸ்ட்ரிப்பின் மட்டமும் விளிம்பின் மட்டமும் ஒன்றாக இருந்தாலே போதும். விளிம்புக்கு 3, 4 இன்ச் பின்னால், 45 டிகிரி சாய்ந்த அலுமினிய புரொஃபைலில், நடுத்தளத்தை நோக்கி ஸ்ட்ரிப்பை வையுங்கள். விளிம்பை ஒட்டி அடியில் வைத்தால் எதிர்ச்சுவரிலோ தளத்திலோ கத்தியால் வெட்டியதுபோல ஒரு நிழல்கோடு விழும்.

தட்டின் உள்பக்கத்துக்கும் மேல்தளத்துக்கும் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்டே அடிக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் ஒவ்வொரு எல்.இ.டி. புள்ளியும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். ஒளி சாய்வாகப் படுவதால் தளத்தின் மேடுபள்ளமும் அம்பலமாகும். கோவ் ஒளி படும் பரப்புக்குப் பட்டி பார்த்துத் தேய்க்கும்போது, ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை வாட் ஸ்ட்ரிப் வேண்டும்?

நம் ஹாலில் நடுத்திறப்பின் சுற்றளவு 36 அடி, அதாவது சுமார் 11 மீட்டர். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் போட்டால் 110 வாட். ஒரு வாட்டுக்கு 100 லூமென் (ஒளியின் அளவு) கிடைக்கும் நல்ல ஸ்ட்ரிப் என்றால் 11,000 லூமென். கோவ் தட்டிலிருந்து மேல்தளத்தில் பட்டுத் திரும்பி, கீழே நாம் புழங்கும் மட்டத்துக்கு வரும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். அறையின் பரப்பு 15.6 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்குச் சுமார் 235 லூமென், அதாவது 235 லக்ஸ் வெளிச்சம். உட்கார்ந்து பேசவும் டி.வி. பார்க்கவும் இது தாராளம். படிப்பதற்கும் தைப்பதற்கும் 300 லக்ஸுக்கு மேல் வேண்டும் என்பதால், அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு டவுன்லைட்டோ நிற்கும் விளக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

அழகுக்கு மட்டும் கோவ் போதும், மற்ற விளக்குகள் தனியாக இருக்கின்றன என்றால் மீட்டருக்கு 5 வாட் எடுத்தாலே நிறைவாக இருக்கும்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

24 வோல்ட். அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகக் குறைவதால் கம்பியில் இழப்பும் குறைகிறது. நம் ஹாலில் பாதி கோவுக்கு 55 வாட். வீட்டு மின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றும் டிரைவரிலிருந்து 5 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் இழுத்தால், 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் ஓடி ஏறக்குறைய 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது 7 சதவீத இழப்பு. 24 வோல்ட்டில் 2.3 ஆம்பியர்தான் ஓடும். இழப்பு 0.4 வோல்ட், 2 சதவீதத்துக்கும் கீழே.

ஒரு முனை வெளிச்சமாகவும் மறுமுனை மங்கலாகவும் இருப்பது ஏன்?

ஸ்ட்ரிப்பின் தாமிரத் தடம் மிக மெல்லியது. ஒரே முனையில் மின்சாரம் கொடுத்து 8, 10 மீட்டர் ஓட்டினால் கடைசியில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். ஒரு ரோல் பெரும்பாலும் 5 மீட்டர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு ரோலை வரிசையாக இணைத்து ஓட்டுவதைத் தவிருங்கள்.

நம் ஹாலுக்கு இப்படிச் செய்யலாம். எதிரெதிரான இரண்டு மூலைகளில் மின்சாரம் கொடுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு கை 8 அடி, இன்னொரு கை 10 அடி போகும். எந்தத் துண்டும் சுமார் 3 மீட்டருக்கு மேல் ஓடாததால் மங்கலே தெரியாது. மூலைக்கு ஒரு டிரைவர்: 55 வாட்டுக்கு 25 சதவீதம் கூட்டினால் 69, எனவே 75 வாட் டிரைவர் இரண்டு. ஒன்று பழுதானாலும் பாதி ஹால் எரியும். 11 மீட்டருக்கு மூன்று ரோல் வாங்க வேண்டும். மிஞ்சும் 4 மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் பயனைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

மூலையில் ஸ்ட்ரிப்பைப் படுக்கைவாக்கில் மடித்துத் திருப்பினால் தடம் அறுந்துவிடும். வெட்டும் குறியில் வெட்டி, சிறு வயர் வைத்து ஈயப்பற்று வைப்பதே நிலைக்கும். அழுத்திப் பிடிக்கும் கிளிப் கனெக்டர்கள் சில மாதங்களில் தளர்ந்து, கண் சிமிட்ட ஆரம்பிக்கும்.

புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருக்க?

கோவ் தட்டில் ஸ்ட்ரிப் நேரடியாகக் கண்ணில் படாததால் மீட்டருக்கு 120 எல்.இ.டி. போதும். மூடி வழியாகப் பார்க்கும் புரொஃபைலுக்கு எல்.இ.டி. சில்லுகளை நெருக்கமாகப் பதித்த சி.ஓ.பி. ஸ்ட்ரிப்பே வாங்குங்கள். அது இடைவெளியில்லாத கோடாக எரியும். எதுவானாலும் வெறும் போர்டில் ஒட்ட வேண்டாம். பட்டித் தூசியில் பசை பிடிக்காது, கோடைச் சூட்டில் ஸ்ட்ரிப் உரிந்து தொங்கும். திருகாணி போட்ட அலுமினிய புரொஃபைல் சூட்டையும் வாங்கிக்கொள்ளும், ஸ்ட்ரிப்பின் ஆயுளும் கூடும்.

எந்த நிறம் நல்லது?

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெள்ளை), படிப்பறைக்கு 4000 (நடுநிலை வெள்ளை). நம் ஊர்க் கடைகளில் 6500 தான் அதிகம் கிடைக்கிறது. ஆனால் கோவ் தட்டில் அதைப் போட்டால் மேல்தளம் நீலம் பாய்ந்து, தேக்கு மரமும் பட்டுத் துணியும் களையிழந்துவிடும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவான சி.ஆர்.ஐ. 90 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கு மேல் அது கட்டாயம்.

நிறம் மாறும் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) வேண்டுமானால் தனி வெள்ளை எல்.இ.டி.யும் சேர்ந்த ஸ்ட்ரிப்பாக வாங்குங்கள். மூன்று நிறத்தையும் கலந்து வரும் வெள்ளையில் முகம் சோகையாகத் தெரியும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க சாதாரண ரெகுலேட்டர் போதுமா?

போதாது. டிம் ஆகும் என்று எழுதியுள்ள டிரைவருடன் அதற்குப் பொருந்தும் டிம்மரையே போட வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரைப் போட்டால் உறுமலும் நடுக்கமும் வரும், டிரைவர் சீக்கிரம் போகும். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க மொபைல் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துக் குறைந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் டிரைவரை மாற்றச் சொல்லுங்கள்.

மின்விசிறி சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி வருகிறதே?

டவுன்லைட் இறக்கைக்கு நேர் மேலே இருந்தால் அப்படித்தான் இருக்கும். 48 இன்ச் விசிறி நடுவிலிருந்து 2 அடி தூரம் வரை சுழலும். விளக்குகள் அந்த வட்டத்துக்கு நன்றாக வெளியே இருக்கட்டும். கோவ் ஒளி நாலாபக்கமும் இருந்து பரவி வருவதால் நிழல் கரைந்துவிடும். ஆனால் விசிறியைத் தளத்தோடு ஒட்டி மாட்டக்கூடாது. தளத்திலிருந்து 12 இன்ச்சாவது இறங்கியிருந்தால் காற்றும் நன்றாக வரும். நம் ஹாலில் இறக்கை 9 அடி உயரத்தில், ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கும்.

விசிறி, கனமான தொங்கு விளக்கு இரண்டும் கான்கிரீட்டில் உள்ள கொக்கியிலோ ஆங்கர் போல்ட்டிலோதான் தொங்க வேண்டும். ஜிப்சம் சட்டத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

ஏ.சி. இருக்கும் சுவரில் என்ன செய்வது?

ஸ்பிளிட் ஏ.சி.யின் உள்யூனிட் மேல்பக்கமிருந்துதான் காற்றை இழுக்கிறது. கோவ் தட்டு அதன் தலையில் உட்கார்ந்தால் குளிர்ச்சி குறையும், வடிகட்டியைக் கழற்றவும் முடியாது. 6 இன்ச் இடம் விடுங்கள், அல்லது அந்தச் சுவரில் ஓரத்தை நிறுத்திவிடுங்கள். தண்ணீர்க் குழாய் சீலிங்குக்குள் போனால் நல்ல சரிவும் மேலுறையும் வேண்டும். ஜிப்சத்தில் தோன்றும் பழுப்புக் கறைகள் பலவும் இந்தக் குழாயிலிருந்தே வருகின்றன.

எந்த போர்டு, எப்படிப்பட்ட சட்டம்?

12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு, ஐ.எஸ். 2095 முத்திரையோடு. சட்டத்தில், தொங்குகம்பியில் மாட்டும் இன்டர்மீடியட் சேனல் 4 அடிக்கு ஒன்று, அதன் குறுக்கே போர்டைத் தாங்கும் சீலிங் செக்‌ஷன் 18 இன்ச்சுக்கு ஒன்று, 25 மில்லிமீட்டர் திருகாணி 9 இன்ச்சுக்கு ஒன்று. இந்த 18 இன்ச்சை 24 ஆக்கி மிச்சம் பிடிப்பது ஒப்பந்தக்காரர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். போர்டு மூடுவதற்கு முன் நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கோவ் விளிம்பு வரும் இடத்தில் தொங்குகம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டின் முனை மெல்லத் தொய்யும்.

துளையிடும் முன், தளத்துக்குள் மின்குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். புதிய அடுக்ககங்களில் தளம் இழுவிசைக் கம்பி வைத்து வார்க்கப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்று கட்டுநரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணைப்புகளில் மயிரிழை விரிசல் ஏன் வருகிறது?

பேப்பர் டேப் ஒட்டாமல் வெறும் பட்டியால் இணைப்பை அடைப்பதே முதல் காரணம். அடுத்தடுத்த போர்டுகளின் முனைகள் ஒரே கோட்டில் வருவதும், திருகாணி காகிதத்தைக் கிழித்து உள்ளே போவதும் அடுத்தவை. ஜாயின்டிங் காம்பவுண்டு ஒரு கை, அதில் டேப், காய்ந்தபின் இன்னும் இரண்டு கை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே அடுத்த கையை இழுத்தால் சுருங்கி வெடிக்கும்.

டிரைவரை எங்கே வைப்பது?

கை எட்டும் இடத்தில். ஸ்ட்ரிப்பைவிட டிரைவர்தான் முதலில் பழுதாகும். அதைப் போர்டுக்குள் மூடிவிட்டால், பழுது பார்க்க சீலிங்கையே உடைக்க வேண்டியிருக்கும். அலமாரியின் மேல்தட்டு, பரண், அல்லது 12 இன்ச் சதுரத்தில் ஒரு திறப்புக் கதவு எதுவும் சரி. மாடி கடைசித் தளமாக இருந்தால் சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்கும் போர்டுக்கும் நடுவே அனல் அடைந்து நிற்கும். அங்கே டிரைவரை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் உள்ள டிரைவரையே வாங்குங்கள். 230 வோல்ட் வயர் முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள் ஓடட்டும். போர்டின் மேல் வயரை அவிழ்த்துப் போட்டால் எலிகள் கடிக்கும்.

ஸ்ட்ரெச் சீலிங்கில் பின்னொளி எப்படி அமைப்பது?

சாப்பாட்டு மேசைக்கு மேல் 6 அடிக்கு 4 அடி பலகை என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டுக்கும் பின்தளத்துக்கும் இடையே 6 இன்ச் ஆழம் விட்டால், எல்.இ.டி. மாட்யூல்களுக்கு (சிறு விளக்குத் துண்டுகள்) இடையிலும் 6 இன்ச் விடலாம். ஆழமும் இடைவெளியும் சமம் என்பதுதான் கணக்கு. ஆழம் 4 இன்ச் என்றால் இடைவெளியும் 4 ஆக வேண்டும். ஓரத்தில் பாதி, அதாவது 3 இன்ச் விட்டுத் தொடங்கினால் நீளத்தில் 12, அகலத்தில் 8, மொத்தம் 96 மாட்யூல். 0.72 வாட் மாட்யூலானால் சுமார் 69 வாட், டிரைவர் 100 வாட். லென்ஸ் வைத்த மாட்யூலே வாங்குங்கள், ஒளி அகலமாகப் பரவும். டிம்மர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், இரவில் கண் கூசும்.

உள்ளே எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். வயரும் தொங்குகம்பியும் குறுக்கே போனால் நிழலாகத் தெரியும். நம் வீடுகளில் இதைவிடப் பெரிய தொல்லை பூச்சியும் பல்லியும். ஒளியைத் தேடிப் பூச்சி போகும், பூச்சியைத் தேடிப் பல்லி போகும், செத்தால் கறுப்புப் புள்ளியாகக் கிடக்கும். ஷீட் இழுப்பதற்கு முன் பெட்டியின் ஒவ்வொரு இடுக்கையும் சிலிக்கான் வைத்து அடைத்து, உள்ளே தூசி உறிஞ்சிவிடுங்கள்.

நட்சத்திர சீலிங்குக்கு எத்தனை இழை?

சதுர அடிக்கு 4 என்றால் 10 அடிக்கு 8 அடிப் பரப்புக்கு 320 இழை. ஒன்று சராசரியாக 3 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. பெரும்பகுதி 0.75 மில்லிமீட்டர், கொஞ்சம் 1 மில்லிமீட்டர், அங்கங்கே 1.5 மில்லிமீட்டர் கலந்தால்தான் வானம்போல் ஆழம் வரும். எல்லாம் ஒரே தடிமனில், சம தூரத்தில் இருந்தால் துளையிட்ட பலகையாகத்தான் தெரியும். பலகைகளைத் தரையிலேயே பெயிண்ட் அடித்து, துளையிட்டு, இழை கோத்து, பின்னால் பசை வைத்துவிட்டு ஏற்றுவது எளிது. முன்பக்கம் 2 இன்ச் தொங்கவிட்டு, எல்லாம் முடிந்தபின் கூர்மையான வெட்டியால் மட்டமாக நறுக்குங்கள். இழையில் மின்சாரமும் சூடும் கிடையாது. ஒளி தரும் எஞ்சினுக்கு மட்டும் காற்றோட்டமும் கை எட்டும் இடமும் வேண்டும்.

பூஜை அறை, சமையலறை, குளியலறை?

பூஜை அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் மேலே படியும். அங்கே பி.வி.சி. ஷீட்டும் தாழ்ந்த கோவும் வேண்டாம். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு தட்டுக்குள் போய்த் தூசியோடு ஒட்டிக்கொள்ளும். மட்டமான சீலிங்கும் பேனல் விளக்கும் போதும். குளியலறைக்கு ஈரம் தாங்கும் போர்டும், தண்ணீர் புகாத விளக்கும்.

வேலை வரிசை எப்படி இருக்க வேண்டும்?

மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் கட்டிக் கசிவு பார்ப்பது, ஏ.சி. குழாய், மின்குழாய், லேசர் வைத்து மட்டம் குறித்துச் சட்டம், வயர் இழுப்பது, எல்லா இணைப்பையும் ஒருமுறை எரித்துப் பார்த்துப் படம் எடுத்து வைப்பது, போர்டு, டேப், பட்டி, பிரைமர், பெயிண்ட். ஸ்ட்ரிப் எல்லாவற்றுக்கும் கடைசி. பெயிண்டுக்கு முன்னால் ஒட்டினால் தேய்த்த தூசி அதன்மேல் படிந்து வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

விலைப்பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

மட்டமான பகுதியைச் சதுர அடியிலும் கோவ் வேலையை ரன்னிங் அடியிலும் போடுவார்கள். தொங்கும் செங்குத்துப் பக்கம் எதில் சேர்கிறது என்று முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் இரண்டு இடத்திலும் கணக்கு ஏறும். விளக்கு வெட்டுத்துளை, திறப்புக் கதவு, பெயிண்ட் இவை சேர்ந்ததா தனியா என்பதையும் கேளுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு துண்டு மட்டும் அணைந்தால்?

முதலில் டிரைவரைச் சோதியுங்கள், அடுத்து ஈயப்பற்றுகளை. 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒரு வெட்டுக்குறிக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள எல்.இ.டி.க்கள் ஒரே தொடராக எரிவதால், ஒன்று போனாலும் அந்தத் துண்டு மட்டும் இருளும். அதை வெட்டி எடுத்துப் புதிய துண்டை வைக்கலாம். ஆனால் கடையில் புதிதாக வாங்கும் 3000 கெல்வின் உங்கள் பழைய 3000 கெல்வினோடு ஒத்துப்போகாது. ஒரே தொகுப்பில் வாங்கி மிஞ்சிய அந்த 4 மீட்டர் அப்போது கைகொடுக்கும். அதன் உறையோடு டிரைவர் மாடலையும் எழுதி, போர்டு மூடுமுன் எடுத்த படங்களோடு ஒரே இடத்தில் பத்திரப்படுத்துங்கள். தட்டுக்குள் படியும் தூசியை ஆண்டுக்கு இரண்டு முறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ் பொருத்திய வேக்குவமால் எடுத்துவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.